ராஜாவைக் கொல்ல எத்தனை தோட்டா?

சரித்திர நாடகத்தில் ராஜாவாக நடிப்பது சுலபம். அந்த ராஜாவைச் சாயங்காலம் சாகடிக்க எத்தனை தோட்டா வேண்டும் என்று காலையிலேயே சொல்லுவதுதான் தொழில்.

அந்தத் தொழிலை ஒரு சீசன் முழுக்கச் செய்தவன் நான். பெயர் சீனு, வயது பதினேழு, படிப்பு பி.யு.சி. எங்கள் குழு மயிலாப்பூரில் ஆபீஸ் போகிறவர்கள் நடத்துகிற நாடகக் குழு. பகலில் ஃபைல், சாயங்காலம் வாள். போடுவது ஒரே நாடகம். ஒரு பாளையக்காரர் கும்பினிப் படையை எதிர்ப்பார், யாரோ கோட்டையின் கிழக்கு வாசலைத் திறந்து விடுவார்கள், கோட்டை விழும், பாளையக்காரர் குண்டடிபட்டு, அதற்கப்புறம் ஒரு முழு உபன்யாசம் செய்துவிட்டு உயிரை விடுவார்.

மேடையில் சிப்பாய்கள் பிடித்திருப்பது மரத்துப்பாக்கி. அவர்கள் தோளைக் குலுக்குவார்கள், அவ்வளவுதான். நிஜமாக வெடிக்கிற துப்பாக்கி இரண்டும் திரை மறைவில் எங்கள் கையில் இருக்கும். தோட்டா என்றால் காகிதக் குழல். மருந்து உண்டு, குண்டு கிடையாது. எங்களுக்குள் அதன் பெயர் டம்மி. நாடகத்துக்குத் திரை இழுத்தவர்களே, இடி முழக்கத் தகரம் குலுக்கியவர்களே, ராஜாவின் மீசையைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவைத் தேடி அலைந்தவர்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மேடையில் நின்று மாலை வாங்கிக்கொண்டவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

மாமி போட்ட சட்டம்

சக்கரபாணி சார்தான் குழுவின் தலைவர், வசனகர்த்தா, டைரக்டர், பாளையக்காரர். பகலில் ஓர் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். மேடையில், “பரங்கியரே! இக்கோட்டையின் ஒவ்வொரு கல்லும் வாளேந்தும்!” என்று கர்ஜிப்பார். திரை விழுந்த மறு நிமிஷம், “ஏண்டா, என் மூக்குக் கண்ணாடியைப் பாத்தியோ?” இந்த இரண்டு குரலையும் நான் அச்சாகப் பேசுவேன். சார் குரல் மட்டுமல்ல; கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார் குரலில் அட்டெண்டன்ஸ் எடுத்து, பாதி வகுப்பை வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

முதல் நாடகத்தில் டம்மி நிறைய மிஞ்சிவிட்டது. நாடகச் சாமான்களெல்லாம் சார் வீட்டில்தான் இருக்கும். மறுநாள் காலை மாமி, அதாவது சாரின் மனைவி, கெரஸின் ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போனபோது பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தார். அன்று அந்த வீட்டில் காப்பி இல்லை. இனி ஒரு டம்மிகூட வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பரங்கிக்கு அடங்காத பாளையக்காரர் அதற்கு அடங்கினார்.

சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பேரம் பேசினார். சீசன் முழுக்க டம்மி குறையாமலும் மிஞ்சாமலும் பார்த்துக்கொண்டால், கடைசி நாடகத்தில் ஒற்றன் வேஷம் எனக்கு. பாளையக்காரர் குண்டடிபட்டதும் ஒற்றன் ஓடி வந்து ஒரே ஒரு வசனம் சொல்லுவான், சுடப்பட்டுச் சாவான். அது போதும் எனக்கு. ஊரில் உள்ளவர்கள் குரலிலெல்லாம் பேசியாயிற்று. என் சொந்தக் குரலில், ஒரு ஹால் நிறைய ஜனம் கேட்கும்படி, ஒரு வரி பேசியதில்லை. நான் நாடகத்தில் இருக்கிறேன் என்பதையே என் வகுப்பில் ஒருவனும் நம்பவில்லை. சரி என்றேன். மிஞ்சினால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். சார் யோசிக்கக்கூட இல்லை. “மிஞ்சினா ஒற்றன் சீன்ல போட்டுத் தீத்துடு. அதுல கேக்கற மாதிரி என்ன இருக்கு?”

ஊர்வலக் கணக்கு

டம்மி செய்துகொடுப்பவர் காசிம் பாய். ஜாம் பஜார் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கிறார். பரம்பரையாகக் கல்யாண ஊர்வலத்துக்கு வாண வேடிக்கை செய்கிற குடும்பம். முதல் தடவை போய், “பாய், டம்மி வேணும், இத்தனை” என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “மாப்பிளே எங்கேர்ந்து எங்கே போறாரு?” மாப்பிள்ளை இல்லை, போர் என்றேன். “சரி, போரு எங்கேர்ந்து எங்கே போவுது?” போர் எங்கேயும் போகாது, மேடையிலேயேதான் இருக்கும் என்றேன். என்னைப் பார்த்து அவருக்குப் பரிதாபமாகிவிட்டது. நகராத விஷயத்துக்கு வெடி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

அவருடைய கணக்கு தூரக் கணக்கு. எண்ணிக்கை சொன்னால் பெண் வீட்டார் குறைகிறது என்பார்களாம், மாப்பிள்ளை வீட்டார் மிஞ்சுகிறது என்பார்களாம். தூரம் சொன்னால் சண்டையே இல்லையாம். ஊர்வலம் ஜாம் பஜாரில் கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பார், மனதுக்குள் ஒவ்வொரு தெருமுனையாக நடந்து போவார், பொட்டலம் கட்டுவார். நான் இரண்டே தடவையில் பாஷையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன சபா என்றால், “ஐஸ் ஹவுஸ் வரைக்கும் பாய்.” பெரிய சபா என்றால், “சாந்தோம் வரைக்கும்.” நாடகம் எங்கே நடந்தாலும் என் போர் சாந்தோமைத் தாண்டியதில்லை. அளவு கச்சிதமாக இருக்கும். பாய்க்கும் திருப்தி. பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்: “கல்யாணமோ சண்டையோ, எங்கே போய்ச் சேருதுன்னு மட்டும் சொல்லு தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

சாகத் தெரியாத சிப்பாய்கள்

தூரம் தெரிந்தால் போதுமா? எத்தனை பேர் சாவார்கள் என்று தெரிய வேண்டாமா? பாளையக்காரரின் சிப்பாய்கள் எல்லாரும் குமாஸ்தாக்கள். குமாஸ்தாவுக்கு எதையும் தனக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வெடிக்கு இருவர் விழுவது என்று ஒத்திகையில் முடிவு செய்தோம். மேடையில் வெடித்தது. இருவரும் விழவில்லை. “நீங்க விழுங்கோ சார்” என்று இவர் கையைக் காட்ட, “இல்லல்ல, நீங்க சீனியர்” என்று அவர் நிற்க, மரியாதை முடிவதற்குள் நான் இன்னும் இரண்டு டம்மியைச் செலவழிக்க வேண்டியிருந்தது.

இன்னொருவர் ஆதம்பாக்கத்திலிருந்து வருகிறவர். அவருக்கு ஒரே கவலை பஸ். முதல் வெடிச் சத்தத்துக்கே, அது அவருடைய பக்கத்து ஆள் சுட்டதாக இருந்தாலும், மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவார். உருண்டு உருண்டு மேடை ஓரத்துக்கு வருவார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். ஒரு நாள் போர் தொடங்குமுன், திரை இழுக்கிறவன் கை தவறி ஒரு தகரத்தைக் கீழே போட்டான், அதற்கும் செத்துப்போனார்.

கும்பினித் தளபதியாக நடித்தவர் செல்லையா அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. துப்பாக்கியை நீட்டினால்கூட, முந்தானையை விரித்துக் காட்டுவது மாதிரி இடது கையை அடியில் கொடுத்துத்தான் நீட்டுவார். அன்று இடைவேளையில் தொப்பியைக் கழற்றி என் தலையில் ஓர் அடி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏலே, செத்தவன் எந்திரிச்சு பஸ்ஸுக்கு ஓடுதான், சாக வேண்டியவன் மரம் மாதிரி நிக்கான். நான் யாரைத்தாம்ல சுட?”

வரதனின் வசனம்

ஒற்றனாக நடித்தவர் வரதன். பாங்கில் வேலை. நோட்டைக் கசக்கினால் நோட்டுக்கு வலிக்குமோ என்று பார்க்கிற ஜாதி மனிதர். அவருக்கு உள்ள ஒரே வசனத்தை பஸ்ஸில் வரும்போதுகூட உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருவார். வசனம் இதுதான்: “அரசே! கிழக்கு வாசலைத் திறந்துவிட்டவன் வேறு யாருமில்லை, உங்கள் மைத்துனன்!” நாடகத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. அது காதில் விழாவிட்டால் கோட்டை ஏன் விழுந்தது என்று ஜனத்துக்குக் கடைசிவரை தெரியாது.

தெரியவில்லை. மிச்ச டம்மியை ஒற்றன் சீனில் தீர்க்கச் சொல்லி உத்தரவாயிற்றே! வரதன் “அரசே! கிழ...” என்று வாயைத் திறப்பார். டுமீல்! “வாச...” டுமீல்! டுமீல்! அவர் வாய் மட்டும் மீன் தொட்டி மீன் மாதிரித் திறந்து திறந்து மூடும். புகை அடங்குமுன் மைத்துனன் அழுதுகொண்டே ஓடி வந்து பாளையக்காரரைக் கட்டிக்கொள்வான். ஜனம், “ஐயோ பாவம், எவ்வளவு நல்ல மச்சினன்!” என்று மூக்கைச் சிந்தும். மைத்துனனாக நடித்தவர் சாருக்கு நிஜத்திலும் மைத்துனர், மாமியின் தம்பி. தம்பிக்கு ஊரில் கெட்ட பெயர் வராததில் மாமிக்கும் சந்தோஷம்தான்.

ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் வரதன் என்னிடம் வருவார். அவர் வாயைத் திறக்குமுன், நான் சாரின் குரலில், சாரே பின்னால் நிற்கிற மாதிரி, “வரதன், மிச்சம் ஆத்துக்கு வரப்படாது!” என்பேன். பாவம், திரும்பிப் பார்த்து, “இல்ல சார், வராது சார்” என்பார். ஒரு நாள் அவருடைய அண்ணன் மகளைக் கூட்டி வந்திருந்தார். ஆறு வயது. வாசலில் அது கேட்டது: “சித்தப்பா, நீ பேசவே இல்லியே, உன்னை ஏன் சுட்டாங்க?”

ஒன்ஸ் மோர்

மயிலாப்பூர் சபாவில் முன் வரிசையில் ரிடையர் ஆனவர்கள் உட்காருவார்கள். அவர்களுக்குச் சங்கீதமும் ஒன்றுதான், சண்டையும் ஒன்றுதான். பாளையக்காரர் சுட, கும்பினித் தளபதியின் தொப்பி பறக்கிற கட்டம். நான் வெடிக்க வேண்டும்; அதே நொடியில் திரை இழுக்கிற கன்னியப்பன் நூலைச் சுண்டித் தொப்பியைப் பறக்கவிட வேண்டும். கன்னியப்பன் பட்டினப்பாக்கத்துக்காரன், வலை இழுத்த கை. அன்று தொப்பி அழகாகப் பறந்தது. முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஒன்ஸ் மோர்!”

அதற்கு நம் வீரர் என்ன செய்ய வேண்டும்? காதில் விழாத மாதிரிப் போருக்குப் போக வேண்டும். சார் புன்சிரிப்போடு சபைக்கு ஒரு கும்பிடு போட்டார். எதிரியிடம் நடந்து போய், தொப்பியைப் பொறுக்கித் தட்டி, எதிரியின் தலையில் தம் கையாலேயே வைத்தார். திரும்பி வந்து சுட்டார். மறுபடி ஒன்ஸ் மோர். மறுபடி தொப்பி. “இன்னா நைனா, இவுரு சண்ட போட வந்தாரா, தொப்பி விக்க வந்தாரா?” என்றான் கன்னியப்பன். என் பொட்டலத்தில் பாளையக்காரரின் மரணத்துக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. ஒற்றன் வேஷம் கண் முன்னால் கரைந்தது.

பக்கத்தில் சபாவின் இரும்பு மடக்கு நாற்காலி ஒன்று கிடந்தது. செல்லையா அண்ணாச்சி குறி பார்த்த நொடியில் அதை என் பலத்தையெல்லாம் கூட்டிப் படாரென்று மடக்கினேன். பாளையக்காரர் சாய்ந்தார். இரண்டாவது குண்டுக்கு இன்னொரு நாற்காலி; ஒற்றன் வாயைத் திறந்ததும் மறுபடி அதே நாற்காலி. சார் சாவதில் மும்முரமாக இருந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாடகம் முடிந்ததும் சபா காரியதரிசிதான், கால் ஒடிந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏம்ப்பா, நெஜத்தைச் சொல்லு, பாளையக்காரரைச் சுட்டேளா, இல்ல நாற்காலியால அடிச்சுக் கொன்னேளா?”

அடுத்த ஹாலில் கச்சேரி

தி. நகரில் ஓர் இடத்தில் இரண்டு ஹால்களுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் எங்கள் போர், அந்தப் பக்கம் பாட்டுக் கச்சேரி. அங்கே உள்ள காரியதரிசி வெண்ணெயில் ஊறப்போட்ட குரலில், “பாடிண்டிருக்கறச்சே சுடப்படாது. தனி ஆவர்த்தனம் வரும், அப்ப வேணா சுட்டுக்கோங்கோ” என்றார். ஆக, கும்பினி ராஜ்ஜியம் மிருதங்கத்துக்காகக் காத்திருந்தது. அண்ணாச்சி அட்டைப் பீரங்கியின் மேல் உட்கார்ந்து, அது நசுங்க, எழுந்துகொண்டார். சார் கோட்டையின் பூர்வ சரித்திரத்தைத் தாமாகவே இட்டுக்கட்டிச் சொல்ல ஆரம்பித்து, தம் கொள்ளுத் தாத்தா வரைக்கும் போய்விட்டார். தனி வந்தது. முடிந்தவரை சுட்டோம். ஆனாலும் பொட்டலத்தில் பாதி மிச்சம்.

ஒற்றன் சீன் வந்தபோது அந்தப் பக்கம் பாட்டு மறுபடி ஆரம்பமாகிவிட்டது. சுடக்கூடாது. வரதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சீசனிலேயே முதல் தடவையாக அவர் வசனம் கேட்கப் போகிறது. எனக்கோ டம்மி மிஞ்சப் போகிறது. மிஞ்சினால் என் வேஷம் போச்சு. நான் திரைக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டு, காரியதரிசியின் வெண்ணெய்க் குரலில், “ஆச்சு ஆச்சு, கச்சேரி முடிஞ்சுடுத்து, சுட்டுக்கோங்கோ!” என்றேன். மேடையின் எதிர் ஓரத்தில் இரண்டாவது துப்பாக்கியோடு நின்ற கன்னியப்பன் சந்தேகமே படாமல் வெளுத்து வாங்கினான். வரதன் “அரசே!” என்றதோடு சரி. வெளியே காப்பிக் கடையில், கச்சேரியிலிருந்து வந்த ஒரு ரசிகர் இன்னொருவரிடம் உருகிக்கொண்டிருந்தார்: “தனிக்கு அப்புறம் வந்த பாட்டுல மிருதங்கக்காரர் திடுதிப்புன்னு நாலு அடி போட்டார் பாருங்கோ, கட்டடமே ஆடித்து, ஆனா தாளத்துல மட்டும் சேரலை!”

கன்னியப்பன் ஊரில் போர்

பட்டினப்பாக்கத்தில் அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கன்னியப்பன் எங்களைக் கூட்டிப் போனான். கடலைப் பார்த்த திறந்த மேடை. மத்தியானமே போய் இறங்கிய டம்மிகளெல்லாம் உப்புக் காற்றைக் குடித்து அப்பளம் மாதிரி நமத்துவிட்டன. அண்ணாச்சி மீசையை முறுக்கி, “சுடுங்கள்!” என்றார். புஸ்ஸ் என்றது. இன்னொன்று. புஸ்ஸ். முன்னால் காலி மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “தே, இன்னாய்யா, துப்பாக்கிக்கு ஜலுப்பு புட்ச்சிகிச்சா?” என்றார். எங்கள் சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள். நான் திரை மறைவிலிருந்து வாயாலேயே டுமீல் என்றேன். கடல் இரைச்சலில் அது என் காதுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் கட்சி எடுத்தார்கள். திருவிழாப் பட்டாசு அவர்கள் பையில் இருந்தது. சரம் சரமாகக் கொளுத்திக் கும்பினிப் பக்கம் எறிந்தார்கள். அண்ணாச்சி, “ஏலே, கால்சட்டையில படுதுலே!” என்று கத்திக்கொண்டு கீழே குதித்து ஓடினார். தளபதி போன வழியிலேயே அவருடைய படையும் போயிற்று. சரித்திரத்தில் முதல் தடவையாகப் பாளையக்காரர் ஜெயித்துவிட்டார். சாருக்கோ உயிர் போய்விட்டது. ஜெயித்துவிட்டால் எப்படிச் சாவது? சாகாவிட்டால் உபன்யாசத்தை எங்கே சொல்வது? மேடை விளிம்புக்கு வந்து, கையைக் கூப்பி, “பரங்கியரே, தயவு செய்து மேடைக்கு வாருங்கள்!” என்று மைக்கில் கெஞ்சினார். நமத்த டம்மியை நான் கடலில் போட்டுக் கணக்கை முடித்தேன். மீன்கூடை அம்மா எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சாருக்குப் புத்தி சொன்னார்: “செயிச்ச மனுசன் இன்னாத்துக்கு சாவணும்னு நிக்கிற? ஊட்டுக்குப் போயி சோறு துன்னு, போ.”

அடையாறு வரைக்கும்

கடைசி நாடகம் அடையாற்றில், ஒரு பெரிய கொட்டகையில். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை என்று சார் ஒப்புக்கொண்டார். ஒற்றன் வேஷம் எனக்கு. என் வகுப்பிலிருந்து ஒரு கூட்டத்தையே வரச் சொல்லியிருந்தேன். டம்மி வேலை வரதனுக்கு. “காசிம் பாய்கிட்டே போங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, அவ்வளவுதான், பச்சைக் குழந்தைகூடச் செய்யும்” என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் வரதன் சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். மடியில் ஒரு கோணி மூட்டை. மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். “பாய் என்ன கேட்டார்?” என்றேன். எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டாராம். பாங்க்காரர் பொய் சொல்லுவாரா? உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: “அடையாறு.” பாய் ஜாம் பஜாரிலிருந்து அடையாறு வரைக்கும், பாலத்தையும் சேர்த்து, ஒவ்வொரு தெருமுனையாக மனதுக்குள் நடந்துவிட்டு, “பெரிய எடத்துக் கல்யாணம் போல” என்று மூட்டை கட்டிவிட்டார்! முதல் போரிலேயே கொஞ்சம் அதிகமாகச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள் என்று வரதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “அதுல சாரோட வசனம் இருக்கேப்பா. அதுல சத்தம் போடப்படாதே” என்றார், அமைதியாக. மூட்டையைப் பிரித்து, டம்மிகளைப் புது நோட்டுக் கட்டு மாதிரி வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

என் சீன் வந்தது. ஓடினேன். நாலாவது வரிசையில் என் வகுப்பு. மூச்சை இழுத்து, என் சொந்தக் குரலில், “அரசே! கிழக்கு...” டுமீல்! “கிழக்கு வா...” டுமீல்! டுமீல்! டுமீல்! ஒரு பக்கம் கன்னியப்பன், ஒரு பக்கம் வரதன், இரண்டு துப்பாக்கியும் மாற்றி மாற்றி. நான் சாகாமல் நின்று பார்த்தேன், வெடிதான் ஓயவில்லை. என் வகுப்பு மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. “விழுடா கழுதை!” என்றார் சார், பல்லுக்குள். விழுந்தேன். விழுந்த பிறகும் சுட்டார்கள். கடைசி டம்மியும் வெடித்து ஓய்ந்ததும், பக்கத் திரைக்குள்ளிருந்து வரதன் என்னைப் பார்த்து, சாரின் குரல் மாதிரி என்று நினைத்துக்கொண்டு ஒரு கேவலமான குரலில், சந்தோஷமாகச் சொன்னார்: “சீனு, மிச்சம் ஆத்துக்கு வரப்படாது!”

அதையாவது பொறுத்திருப்பேன். மைத்துனன் அழுதுகொண்டே ஓடி வந்தான் பாருங்கள், ஜனம் “ஐயோ பாவம்” என்றது பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செத்த ஒற்றன் பேசினால் ஹாலே சிரிக்கும். ஆனால் நான் பாளையக்காரரின் காலடியில், புகைக்குள், குப்புறக் கிடக்கிறேன். என் வாய் யாருக்கும் தெரியாது. சாரின் கர்ஜனைக் குரலை எடுத்தேன். “ஆ! கிழக்கு வாசலைத் திறந்துவிட்ட துரோகி என் மைத்துனனா!” சீசன் முழுக்க ஒருவர் காதிலும் விழாத சேதி கொட்டகையின் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று.  பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் வகுப்புப் பயல்கள் எழுந்து நின்றே தட்டினார்கள், சாரைப் பார்த்து.

திரை விழுந்ததும் முன் வரிசைப் பெரியவர் ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். “அந்த எடத்துல உங்க வாயே அசையலையே சார்! நெஞ்சே பேசித்து!” என்று சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாம் பேசவே இல்லை என்று சார் சொல்லியிருக்கலாம். சொல்லுவாரா? “எல்லாம் சாதகம்” என்றார், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணைத் திறந்தபோது எதிரில் மாமி நின்றுகொண்டிருந்தார், பின்னால் விசும்புகிற தம்பியோடு. “வாய் அசையாமலே என் தம்பியைத் துரோகிங்கறேளா? ஆத்துக்கு வாங்கோ, அங்க அசைக்கலாம்.”

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது, சக கஷ்டஜீவிகளே, டம்மி குறைந்தால் திட்டு நமக்கு, மிஞ்சினால் வெடி நமக்கு, கணக்கு எப்படிப் போனாலும் கைதட்டல் பாளையக்காரருக்கு.